வெங்காயக் கூடையில் ஒரு பூக்கிழங்கு

மலைமேல் ஒரு வீட்டில், தோட்டத்திலிருந்து எடுத்துவைத்த, பார்க்க வெங்காயம் போலவே இருக்கும் டாஃபடில் பூச்செடியின் கிழங்கு ஒன்று தவறிப்போய் வெங்காயக் கூடையில் விழுந்துவிட்டது.

"நீ எந்தச் சாம்பாருக்கு, தம்பி?" என்று கேட்டது பெரிய வெங்காயம்.

"நான் சாம்பாருக்கு இல்லண்ணே. பூக்கப் போறேன்."

கூடையே குலுங்கிச் சிரித்தது. "இங்க வந்தவன் எவன்டா பூத்தான்? உன்கிட்ட ஒரு வாசம்கூட இல்லையே!"

"கடவுள் எனக்குள்ள ஒரு மஞ்சள் பூவை மடிச்சு வச்சிருக்கார். எனக்குத் தெரியும்."

அன்றைக்குப் பார்த்து, வீட்டுக்கார அம்மா அருளம்மாளின் கை அதைத்தான் முதலில் எடுத்தது. மேல்தோலை உரித்து, நறுக்கக் கத்தியையும் அதன்மேல் வைத்துவிட்டாள். பெரிய வெங்காயமே கண்ணை மூடிக்கொண்டது.

அவள் கை சட்டென்று நின்றது. முகர்ந்து பார்த்தாள். "வெங்காய வாசமே வரலையே... ஆண்டவரே, இது என் பூக்கிழங்கு! சாப்பிட்டிருந்தா வீடே வாந்தி எடுத்திருக்குமே!"

அப்போதே கொண்டுபோய் மண்ணில் ஊன்றினாள்.

பனி விலகிய ஒரு காலையில், சமையலறை ஜன்னலுக்கு வெளியே மஞ்சள் பூ தலையசைத்தது. கூடையின் அடியில் கிடந்த பெரிய வெங்காயம் எட்டிப் பார்த்தது. அதன் உச்சியிலும் பச்சையாய் ஒரு முளை.

"தம்பி," என்றது மெல்ல, "உன் பக்கத்துல கொஞ்சம் இடம் இருக்குமா?"

"வாங்கண்ணே. மண்ணு ஈரமாத்தான் இருக்கு."