சாய்தளத்தில் ஒரு பொன்னாடை

மார்ச் எட்டாம் நாள், மகளிர் தினம். பராமரிப்போரைப் போற்றும் அரசு விழாவில் சக்கர நாற்காலியைத் தாங்கிப் பிடிக்க ஒருவரையும் நியமிக்கவில்லை என்பதே என் குறை. பக்கவாதத்தில் விழுந்த மாமனாரை வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளின்றி, பாராட்டுப் பெற வந்த பூங்கோதை அவரையும் சக்கர நாற்காலியில் வைத்து மேடையின் சாய்தளத்தில் தள்ளிக்கொண்டு ஏறினாள். பாதி வழியிலேயே அதிகாரி பொன்னாடை போர்த்தினார்.

"ரெண்டு கையையும் சேத்துக் கும்பிடும்மா, போட்டோ எடுக்கணும்" என்றார் புகைப்படக்காரர்.

"பிரேக் தேஞ்ச வண்டிண்ணே, கைய விட்டா உருண்டுரும். மாத்திப் பிடிக்க ஒரு ஆளு வேணும்னுதான மனுவே குடுத்தேன்?"

"அதான் பொன்னாடை போட்டாச்சே, சிரிம்மா!"

முன்வரிசையில் அவள் கணவன் எல்லோரையும்விட உரக்கக் கைதட்டினான். நாற்காலி ஒரு விரற்கடை பின்னால் நகர்ந்தது. வாசகரே, கைதட்டியது போதும்; எழுந்து வந்து நாற்காலியைப் பிடியுங்கள்.