சத்தம் வராத மகள்

பதிவுகளெல்லாம் வெள்ளத்தில் போய்விட்டதால், இழவு வீட்டு வீடியோவில் அழுகைச் சத்தத்தைக் கேட்டு எந்திரமே வாரிசு யாரென்று சொல்லிக்கொண்டிருந்த காலம். தாலுகா அலுவலகத்தில் இளவஞ்சி எந்திரம் தந்த வாரிசுப் பட்டியலை இரண்டு தடவை படித்தாள். செத்துப்போன அவள் அப்பாவுக்கு ஏழு மகள்களாம். அதில் அவள் இல்லையாம்.

“இவங்கெல்லாம் கூலிக்கு ஒப்பாரி வச்சவங்க சார். நான்தான் ஒரே பொண்ணு.”

“ஏழு பேரும் ‘என்னப் பெத்த ராசா’ன்னு மாரடிச்சு அழுறாங்களேம்மா. எந்திரம் நம்பத்தானே செய்யும்?” எழுத்தர் வீடியோவை ஓட்டினார். “நீங்க ஃப்ரீசர் பாக்ஸுக்கு கரண்ட் இழுத்துக்கிட்டு நிக்கிறீங்க.”

“நானும் அழுதேனே…” அழுதோமா என்று அவளுக்கே குழம்பியது.

எழுத்தர் இரக்கத்தோடு மைக்கை நகர்த்தினார். “இப்ப ஒருக்கா சத்தமா அழுதுருங்க. சேத்துரலாம்.”

இளவஞ்சிக்கு அழுகை வந்தது. சத்தம்தான் வரவில்லை.