பாதுகாப்பை நிறுத்தவா?

கணவரின் குரலைக் கணினி தூக்கிக் குப்பையில் போட்டுவிட்டது.

திரையின் ஓரத்தில் சின்னதாக ஒரு பெட்டி: ‘ஆபத்தான மென்பொருள் ஒன்று நீக்கப்பட்டது. நீங்கள் எதுவும் செய்ய வேண்டியதில்லை.’

அவள் அதை இரண்டு தடவை படித்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணவர் மேசையை ஓங்கித் தட்டினார். கோபத்தைக் காட்ட இப்போது அவருக்கு மேசை மட்டும்தான் மிச்சம்.

கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவர் தொழில். ‘கிளட்ச்ச மிதி!’ என்று அவர் போடும் சத்தத்தில் எதிரே வருகிற வண்டிக்காரனும் சேர்ந்து மிதிப்பான் என்று தெரிந்தவர்கள் கேலி பேசுவார்கள். தொண்டையில் கட்டி வந்து, ஆபரேஷனில் குரல்வளையையே எடுத்துவிட்டார்கள்.

அதற்கு முன்பே அவருடைய பழைய மாணவன் ஒருவன், தடிக் கண்ணாடிக்காக அவர் ‘சோடாபுட்டி’ என்று கூப்பிடுகிறவன், ஒரு நல்ல காரியம் செய்திருந்தான். லைசென்ஸ் டெஸ்டில் தோற்றுத் தோற்று, அவர் புண்ணியத்தில் ஒருவழியாகத் தேறியவன். கணினியில் மட்டும் புலி. அவரை உட்காரவைத்து, வாய் வலிக்க வலிக்கப் பேசச் சொல்லிப் பதிவு செய்தான். அதை வைத்து ஒரு சின்ன மென்பொருள் எழுதினான். டைப் செய்தால் அவர் குரலிலேயே பேசும்.

அந்தக் குரலில்தான், தூர தேசத்தில் இருக்கும் மகளிடம் தினமும் மாலையில் பேசினார்.

மகளுக்கு ஆபரேஷன் விஷயம் தெரியாது. இரண்டு தடவை கரு தங்காமல் போய், இப்போதுதான் தங்கியிருக்கிறது. படுக்கையை விட்டே எழக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். விஷயம் தெரிந்து, பதறிப்போய், ஏதாவது ஆகிவிட்டால்? பிரசவம் முடியட்டும், சொல்லிக்கொள்ளலாம் என்று இருவருமாக முடிவெடுத்தார்கள். கேமரா கெட்டுவிட்டது என்று ஒரு பொய்யையும் சொல்லிவைத்தார்கள்.

இன்னும் சற்று நேரத்தில் மகள் கூப்பிடுவாள்.

அதற்குள் சரிசெய்ய வேண்டுமே என்று அவள் சோடாபுட்டிக்குப் போன் போட்டாள். விஷயத்தைக் கேட்டதும் அவன் சிரித்துவிட்டான்.

“பயப்படாதீங்க அண்ணி. கம்ப்யூட்டர் கூடவே வர்ற ஆன்டிவைரஸ்தான் தூக்கியிருக்கும். புதுசா அப்டேட் ஆகியிருக்கும், முன்னப்பின்ன பார்க்காத மூஞ்சின்னா அதுக்குச் சந்தேகம். கொஞ்ச நேரம் அதை அணைச்சு வைப்போம்.”

செட்டிங்ஸுக்குள் போகச் சொன்னான். போனாள். கேடயம் மாதிரி ஒரு படத்தைத் தேடச் சொன்னான். தேடினாள். அம்புக்குறி அவள் சொன்ன பேச்சைக் கேட்காமல் அங்கும் இங்கும் ஓடியது.

கணவர் பொறுமையிழந்து மௌஸைப் பிடுங்கப் பார்த்தார். அவர் புறங்கையில் பட்டென்று ஒரு அடி வைத்தாள்.

கல்யாணமான புதிதில் அவளுக்குக் கார் ஓட்டக் கற்றுத்தருகிறேன் பேர்வழி என்று, கியரில் இருந்த அவள் கையை அவர் இப்படித்தான் அடித்தார். நடுரோட்டில் வண்டியை நிறுத்திவிட்டு, இறங்கி நடந்தே வீட்டுக்கு வந்துவிட்டாள் அவள்.

இருவருக்கும் ஒரே நேரத்தில் அது ஞாபகம் வந்தது. அவர் சிரித்தார். சத்தம் வரவில்லை, தோள்கள் மட்டும் குலுங்கின.

படம் கிடைத்தது. அதைத் தட்டி உள்ளே போனால், ‘பாதுகாப்பை நிறுத்தவா?’ என்று கணினி கேட்டது. நிறுத்தினால் ஆபத்து வரலாம் என்று கீழே ஒரு மிரட்டல் வேறு.

அவள் விரல் மௌஸ் மேலேயே நின்றுவிட்டது. பாங்க் விவரம், அவருடைய ஸ்கேன்கள், மகளின் கல்யாணப் படங்கள் எல்லாம் அதற்குள்தான் இருந்தன.

“வேற வழியே இல்லையா தம்பி?”

“மாஸ்டர் குரல்தானே அண்ணி, அதுல என்ன ஆபத்து இருக்கப்போகுது? இதை மட்டும் தொடாதேன்னு அதுகிட்ட சொல்லிட்டு, உடனே திரும்பப் போட்டுடலாம்.”

கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினாள்.

கேடயத்தின் மேல் சிவப்பாக ஒரு பெருக்கல் குறி விழுந்தது. அதைப் பார்க்கவே அவளுக்குக் கதவைத் திறந்துபோட்டுவிட்டு வெளியூர் போகிற மாதிரி இருந்தது. அவன் சொல்லச் சொல்ல, நீக்கியதை மீட்டெடுத்தாள். இதைத் தொடாதே என்று குறித்துவைத்தாள். முதல் வேலையாக ஆன்டிவைரஸை மறுபடி போட்டாள். சிவப்பு போய்ப் பச்சை வந்தது.

கணவர் விசைப்பலகையை இழுத்து ஏதோ தட்டினார்.

“அடி பலமா விழுந்துடுச்சு,” என்றது ஸ்பீக்கர்.

அவர் குரல். அச்சு அசல் அவர் குரல். அவள் அழ ஆரம்பித்தாள். சோடாபுட்டி போனை வைத்துவிட்டான்.

கண்ணைத் துடைத்து முடிப்பதற்குள் மகளின் அழைப்பு வந்துவிட்டது.

“சாப்பிட்டியாம்மா? குட்டி உதைக்குதா?” என்று அப்பாவின் குரல் கேட்டது. ராத்திரியெல்லாம் ஒரே உதை, கால் வேறு வீங்கிக் கிடக்கிறது என்று மகள் செல்லமாக அலுத்துக்கொண்டாள். பிறகு கேட்டாள்:

“நீங்க எப்படிப்பா இருக்கீங்க?”

பட்ட பதற்றம் அவர் விரல்களில் இன்னும் மிச்சம் இருந்தது. எழுத்து தப்பியது. அழித்தார். மறுபடி தப்பியது.

அவள் முந்திக்கொண்டாள். “லைன் சரியில்ல போலிருக்கும்மா. விட்டு விட்டுக் கேக்குது.”



“லைன் நல்லாத்தான்மா இருக்கு,” என்றாள் மகள். பிறகு குழந்தையிடம் பேசுவது போல, ரொம்ப மெதுவாகச் சொன்னாள்:

“அப்பா, அவசரமே இல்ல. நிதானமா டைப் பண்ணுங்க.”