ஆள் இருக்கிற வீடு

“எத்தனை வருஷமா இருக்கீங்கன்னு கேட்டா என்ன சொல்லுவ?”

“மூணு வருஷங்க சேர்.”

“யார் யாரு?”

“நானு, எம் பொஞ்சாதி ஜீவராணி, மக தர்ஷனா. மூணு பேருங்க.”

அழகுமுத்து ஒப்பித்ததைக் கேட்டு ஜீவராஜ் தலையாட்டினார். கொழும்பில் மூன்று கடைகளும் மாடிவீடும் உள்ளவர். பொகவந்தலாவைக்கு மேலே, தேயிலை மலை முடிகிற இடத்தில் நிற்கும் இந்தப் பங்களா அவருடைய இரண்டாவது வீடு. ஏப்ரல் சீசனுக்கு வந்து நாலு நாள் குளிரை அனுபவித்துவிட்டு இறங்கினால், மறு ஏப்ரல் வரை வோச்சர் அழகுமுத்துதான் பங்களாவுக்குக் காவல்.

இந்த வருஷம் ஒரு சங்கடம். பாதி வருஷமாவது ஆள் குடியிருக்காத இரண்டாவது வீட்டுக்குப் புது வரியாம். இன்று வரிக் கந்தோர் அதிகாரிகள் பார்க்க வருகிறார்கள். ‘பூட்டிக் கிடக்கும் வீடு’ என்று எழுதிவிட்டால், பங்களாவை ஹோட்டல்காரன் ஒருவனுக்குத் தள்ளிவிடப் போவதாக ஜீவராஜ் சொல்லிவிட்டார். தள்ளிவிட்டால் அழகுமுத்துவின் வேலை போச்சு.

அதனால்தான் மூன்று நாளைக்கு முன்னால் போன் வந்தது. ‘லயத்துல இருக்கிற உன் சட்டி பானையெல்லாம் கொண்டுவந்து பங்களாவுல பரப்பு. குடும்பம் நடக்கிற மாதிரி இருக்கணும். ஆனா என் கட்டில்ல யாரும் படுக்கக் கூடாது.’

காலையில் வந்து இறங்கிய ஜீவராஜ் அசந்துபோனார். கொடியில் பள்ளிக்கூட வெள்ளைக் கவுன். குசினி அடுப்பில் புகை படிந்த கேத்தல். சாமி படத்தில் காய்ந்து சருகான பூச்சரம்.

“காஞ்ச பூவக்கூட விடலையே. கெட்டிக்காரன்டா நீ. ஆமா, லயத்த ஒழுங்காப் பூட்டினியா? போட்டது போட்டபடி ஓடி வந்துட்டியா?”

அழகுமுத்து சட்டைப் பையிலிருந்து ஒரு சாவியை எடுத்துக் காட்டினான். “சாவி எங்கிட்டத்தாங்க இருக்கு.”

தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான அந்த லயம் எந்தப் பக்கம் இருக்கிறது என்றுகூட ஜீவராஜுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமும் அவருக்கு வந்ததில்லை.

மூன்று மணிக்கு வரிக் கந்தோர்ப் பெண் வந்தார். பெயர் ஷிபானா, ஹட்டன்காரர். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வீட்டை ஒரு சுற்றுப் பார்த்தார். முகத்தில் நம்பிக்கை இல்லை.

“போன கிழமை ஒரு பங்களாவுல இப்படித்தான் சட்டி, பானை, பாய் எல்லாம் இருந்திச்சு. பாயில கடை ஸ்டிக்கர் கூடக் கிழிக்கல்ல. சரி, நீங்க எத்தனை வருஷமா இங்க?”

“ஆறு வருஷங்க மிஸ்.”

ஜீவராஜ் முறைத்தார்.

“உட்காந்து பேசுங்களேன்.”

அழகுமுத்து சோபாவைப் பார்த்தான். ஜீவராஜைப் பார்த்தான். நின்றுகொண்டே இருந்தான்.

“குடியிருக்கிற வீட்டுல உட்கார இவ்வளவு கூச்சமா?” ஷிபானா பேனாவைத் திறந்தார்.

அந்த நேரம் பார்த்துக் கரண்டு போனது. வெளியே பனிமூட்டம் யன்னல்களை அடைத்திருந்ததால் பகலிலேயே வீடு இருண்டுவிட்டது.

“மெழுகுதிரி இருக்கு, இருங்க” என்று ஜீவராஜ் நடைப்பக்கம் போனார். நடையின் நடுவில் ஒரு படி உண்டு. அதில் கால் தடுக்கி, தடால் என்று விழுந்தார்.

அதே இருட்டில் ஜீவராணி குசினியிலிருந்து தேத்தண்ணித் தட்டோடு வந்தாள். படி வந்த இடத்தில் கால் தானாக எழும்பி இறங்கியது. ஒரு சொட்டுச் சிந்தவில்லை. விழுந்து கிடந்தவரைச் சுற்றிக்கொண்டு வந்து தட்டை வைத்தாள். மூலை மேசையின் மூன்றாவது லாச்சியை இழுத்து மெழுகுதிரியை எடுத்துக் கொளுத்தினாள்.

ஷிபானா வெளிச்சத்தில் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“சாமானை ஒரு நாள்ல கொண்டுவந்து போடலாம். கால் ஒரு நாள்ல பழகாது. எனக்குப் போதும்.”

‘ஆள் குடியிருக்கும் வீடு’ என்று எழுதினார். அழகுமுத்து அதைப் பார்க்கவில்லை. தரையிலிருந்து எழும்பும் ஜீவராஜின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

போகும்போது ஷிபானா சொன்னார்: “இனியும் வருவோம். சொல்லாமத்தான் வருவோம்.”

ஷிபானாவின் ஜீப் மலையிறங்கியதும் ஜீவராஜ் முழங்காலைத் தடவிக்கொண்டு சிரித்தார். “மூணுன்னு சொல்லச் சொன்னா ஆறுங்கிற. பரவாயில்ல, உன் பொஞ்சாதி காப்பாத்திட்டா. இருட்டுல என்னமா நடிக்கிறா. எத்தனை தரம் நடந்து பழகினா?”

“நெறைய தரங்க சேர்.”

“ஆனா ஒரு கரைச்சல். அவங்க எப்ப வேணும்னாலும் வருவாங்களாம். நீங்க இனிமே நெசமாவே இங்கதான் இருக்கணும். லயத்த விட்டுட்டு வர்றது கஷ்டம்தான், எனக்கு வெளங்குது.”

அழகுமுத்து தலையைச் சொறிந்தான். “பொறந்து வளந்த லயங்க சேர். நாலு சனத்தோட இருந்து பழகிட்டோம். அவகிட்டயும் ஒரு வார்த்த கேக்கணும்.”

ஜீவராணி கதவோரம் நின்று பெருமூச்சு விட்டாள். “சேருக்காக இருந்துக்கிறோங்க. வேற என்ன செய்ய?”

ஜீவராஜ் கிளம்பிய காரின் சத்தம் மலைப்பாதையின் கடைசி முடக்கையும் தாண்டி அடங்கியது. ஜீவராணி சோபாவில் விழுந்து காலைத் தூக்கிப் போட்டாள்.

“அப்பாடா. இனிமே ஏப்ரலுக்கு ஏப்ரல் சட்டி பானையத் தூக்கிக்கிட்டு, நாம இருந்த தடம் தெரியாமக் கழுவி வச்சிட்டு, தங்கச்சி வீட்டுக்கு ஓட வேணாம்.”

அழகுமுத்து சாவியைக் குசினிக் கதவுக்குப் பின்னால் அதன் ஆணியில் மாட்டினான். அந்தச் சாவி திறக்கும் லயத்து அறையை, ஆறு வருஷத்துக்கு முன்னாலேயே மண்சரிவு கதவோடும் பூட்டோடும் இழுத்துக்கொண்டு போயிருந்தது.