பாலத்தடியில் நின்றவர்

பாலத்தின் உயரம் படத்தில் தெரிய வேண்டுமே என்று, அடியில் நின்றிருந்தவரை அப்படியே நிற்கச் சொல்லியிருந்தார் ஓவியர். தூரத்தில் முதல் ரயில் ஊதியது.

“போதுங்க, வந்துடுங்க. புதுப் பாலம், தாங்குமோ என்னவோ.”

“நீங்க பாட்டுக்கு வரையுங்க.”

ரயில் பாலத்தில் ஏறியது. தூண்கள் அதிர்ந்தன. தன் படத்துக்காக ஓர் உயிர் போகப்போகிறதே என்று ஓவியர் வரைவதை விட்டுவிட்டு அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். ரயில் அக்கரை சேர்ந்ததும் கீழே ஓடினார்.

“ஒரு படத்துக்காகவா உயிரைப் பணயம் வைப்பீங்க?”

“படத்துக்காக இல்லைங்க. டிரைவர் வண்டியை எடுக்க மாட்டேன்னுட்டார். பாலத்தைக் கட்டினவன் நானே அடியில நிக்கிறேன், நம்பி வாங்கன்னு சொல்லிட்டேன்.”

அவர் சட்டை வியர்வையில் தெப்பமாக நனைந்திருந்தது.

“பாதியில ஓடிடலாம்னுதான் இருந்துச்சு. நீங்க பார்த்துக்கிட்டே இருந்தீங்க, வெட்கமாப் போச்சு.”