கப்பல் வராத வருசம்

உச்சி வெயிலில் சிமெண்டுக் களம் முழுக்க மக்காச்சோளம் காய்கிறது. களத்தில் யாரும் செருப்போடு கால் வைப்பதில்லை. சின்னசேலத்து வியாபாரி ஜெயப்பிரகாஷும் செருப்பை வேலியோரம் கழற்றிவிட்டு, சுடும் தரையில் காலை மாற்றி மாற்றி வைத்து நிற்கிறார். புங்க மர நிழலில் உட்கார்ந்திருக்கும் இருசம்மாள் அந்தக் கால்களையே பார்க்கிறாள். போன வருசம் மூட்டைகளோடு மலையிறங்கிப் போனவளைக் குடோன் வாசலில் பொழுது சாயும்வரை வெயிலில் நிறுத்தியவர் அவர். கடைசியில் ஒரு மணியைக் கடித்துத் துப்பி, "ஈரம். தூத்துக்குடில வெளிநாட்டுச் சோளம் கப்பல் கப்பலா எறங்கிக்கினு கீது. உன் சோளம் யாருக்கு வேணும்?" என்றார். இந்த வருசம் டெல்லியில் இறக்குமதி வரியை ஏற்றிவிட்டார்கள். கப்பல் வரவில்லை, அவரே மலையேறி வந்திருக்கிறார்.

"லாரி கீழ நிக்குதும்மா. வெலைய நீயே சொல்லு."

அவள் எழுந்து வருகிறாள். அவள் பாதங்களுக்கு அந்தச் சூடு பழகியது. கல்லாய்க் காய்ந்த சோளத்தில் ஒரு மணியை எடுத்துக் கடிக்கிறாள்; நறுக்கென்று உடைகிறது. அதை அவர் காலடியில் துப்புகிறாள்.

"ஈரமா கீதுங்க. காயட்டும். அதுவரைக்கும் இங்கியே நில்லுங்க."