ஏறாத துடிப்பு

அப்பாவின் இதயம் மெதுவாகத் துடிக்கிறது. துடிப்பைக் கூட்ட டாக்டர் கொடுத்த மாத்திரையைத் தினமும் நானே விழுங்க வைக்கிறேன். ஆனாலும் துடிப்பு ஏறித் தொலையவில்லை.

“அடுத்த வாரமும் இப்படியே இருந்தா ஆபரேஷன்தான்” என்று டாக்டர் கையை விரித்துவிட்டார்.

வீட்டுக்குள் நுழைந்ததுமே கத்தினேன். “மாத்திரைய நாக்குக்கடியில வச்சிருந்து துப்புறீங்களாப்பா? இந்த வீட்டுல படிச்சவ நான் ஒருத்தி. என் பேச்ச யாரு கேக்குறீங்க?”

“முழுங்கிக்கிட்டுதானேம்மா இருக்கேன்.”

“அப்புறம் ஏன் துடிப்பு ஏறல?”

அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அம்மா தண்ணீரும் மாத்திரையுமாக ஓடி வந்தாள்.

“என்னம்மா இது?”

“என் படபடப்புக்கு டாக்டர் குடுத்த மாத்திரைடி. போட்டா நெஞ்சு துடிக்கிறது குறைஞ்சிடும். நீ கத்துனாலே அவருக்கும் படபடன்னு அடிச்சுக்குதாம். உடனே ஒண்ணு குடுத்துடுவேன்.”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. “தினமுமா குடுக்குற?”

“நீ தினமும்தானே கத்துற?”